உங்களுக்குத் தெரியுமா? புதுச்சேரியும் மூன்று போர்களும்!

பிரிட்டிஷ் போலீஸிடம் சிக்காமல் 1910-ல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர் அரவிந்தர். இரண்டாம் உலகப் போர் நடந்த 1940 செப்டம்பரில் அவரும், அவருடைய ஆன்மிகத் துணையான அன்னையும் சேர்ந்து பிரிட்டிஷ் போர் நிதிக்கே பணம் அனுப்பினார்கள். எவ்வளவு? முழுசாக 1,000 ரூபாய்!

அதோடு விட்டாரா? 1942-ல் பிரிட்டன் முன்வைத்த கிரிப்ஸ் திட்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காங்கிரஸ் தலைவர்களுக்குச் சொல்ல, தன் சீடர் துரைசாமி ஐயரை டெல்லிக்கே அனுப்பினார். காங்கிரஸ் கேட்கவில்லை!

அதே போரில் புதுச்சேரி அரசு என்ன செய்தது? 1940 ஜூன் 14. பாரிஸ் ஹிட்லர் கையில்! நான்கு நாளில் லண்டன் ரேடியோவில் பிரெஞ்சுத் தளபதி டி கோல், போரைத் தொடர வாருங்கள் என்று அழைத்தார். செப்டம்பர் 9-ல் கவர்னர் பொன்வேன், பிரெஞ்சிந்தியா டி கோல் பக்கமே என்று அறிவித்தார். கடல் கடந்து நம்ம ஊரிலும் டி கோலின் சுதந்திர பிரான்ஸ்!

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். முதல் உலகப் போரில் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அந்தச் சின்ன நாட்டை வாழ்த்திக் கவிதை எழுதியவர் யார்? புதுச்சேரியில் ஒதுங்கியிருந்த நம்ம பாரதி!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அந்த முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறதே, அதைத் திறந்தது 1938-ல். மறு வருஷமே அடுத்த உலகப் போர்!

இப்போது 1962-க்கு வாருங்கள், இதுதான் அட்டகாசம். ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அக்டோபர் 20-ல் சீனப் படை எல்லை தாண்டியது. புதுப்பெண் மறுவீடு போய் வருவதற்குள் சண்டை! நடுவில் வெறும் 65 நாள்!

பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க, இந்தியா-பிரான்ஸ் இணைப்பு ஒப்பந்தம் தந்த கெடு 6 மாதம். அந்தக் கெடுவுக்குள்ளேயே போர் தொடங்கி முடிந்தும் போனது! ஒரு பக்கம் ‘நாட்டைக் காப்போம்’ என்ற முழக்கம், இன்னொரு பக்கம் ‘இந்தியாவா, பிரான்ஸா?’ என்ற கேள்வி. எந்த ஊருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சிக்கல்!

நாடு முழுக்கவும் போர் வேகம்தான். அக்டோபர் 27-ல் நன்கொடை திரட்ட தேசிய பாதுகாப்பு நிதி பிறந்தது. நவம்பர் 14, நேருவின் பிறந்தநாள். சீனப் படையை விரட்டுவோம் என்று மக்களவையே எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தது!

பக்கத்துச் சென்னை மாநிலத்தில் திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த தி.மு.க.வோ போர் வந்ததும் அந்தப் பேச்சை நிறுத்தியது. 1963-ல் கோரிக்கையையே கைவிட்டது!

சீனா போரை நிறுத்தியது நவம்பர் 21-ல். புதுச்சேரியின் பெயரை அரசியல் சட்டத்தில் சேர்த்த 14-வது திருத்தம் வந்தது டிசம்பர் 28-ல். அதாவது போர் நின்று 37 நாள் கழித்து!