குறைதிறன் அமெச்சூர் வானொலி

குறைதிறன் அமெச்சூர் வானொலி என்பது, உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்கள் மிகக் குறைந்த மின்திறனைக் கொண்டு தொலைவிலுள்ள நிலையங்களுடன் தொடர்புகொள்ள முயலும் ஒரு பொழுதுபோக்கும் செய்முறை ஆய்வும் ஆகும். இது உலகெங்கும் கியூ.ஆர்.பி. என்னும் குறியீட்டால் அறியப்படுகிறது. தந்தியாளர்கள் பயன்படுத்திய கியூ குறியீட்டு வரிசையில் இதற்குத் "திறனைக் குறைக்கவும்" என்பது பொருள். வழக்கத்தில் மோர்சு ஒலிபரப்புக்கு 5 வாட்டும், ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசுவதற்கு உச்ச அளவாக 10 வாட்டும் மேல்வரம்புகளாகக் கொள்ளப்படுகின்றன. கடைகளில் "ஜீரோ வாட்" என்று விற்கப்பட்ட பழைய இழை விளக்கே உண்மையில் 10 முதல் 15 வாட் வரை எடுத்துக்கொண்டது என்பதை நினைத்தால், இவ்வரம்பு எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

வரலாறு

தொடக்ககால வானொலியில் குறைந்த திறன் என்பது விருப்பத் தேர்வாக இருக்கவில்லை, கிடைத்தது அவ்வளவே. 1924 ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிக் கழகத்தின் ஆர்வலர்கள் நடத்திய ஒலிபரப்பு 40 வாட் கருவி ஒன்றைக் கொண்டே தொடங்கியது. பணமின்மையால் 1927 இல் அது நின்றுபோக, கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றது.

பின்னர் வணிகக் கருவிகளின் திறன் பெருகியபோது, அதற்கு எதிர்வினையாகவே குறைதிறன் இயக்கம் தோன்றியது. 1961 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட குறைதிறன் கழகம் முதலில் 100 வாட் என்ற தாராளமான வரம்பையே வைத்திருந்தது. 5 வாட் என்பது பிற்கால வழக்கம். பிரித்தானியாவின் ஜி-கியூ.ஆர்.பி. கழகம் 1974 இல் உருவானது.

குறைந்த திறன் போதுமானதாவது எப்படி

திறனை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தால் தொலைவும் இருபதில் ஒரு பங்காகும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு ஆவதில்லை. வானொலி வாங்கிகளிலுள்ள குறிகை அளவுமானியில் ஒவ்வொரு படியும் திறனில் நான்கு மடங்கு மாற்றத்தைக் குறிக்கும். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கும்போது மறுமுனையில் இழப்பு இரண்டு படிகளுக்குச் சற்றே மிகுதி. 1 வாட்டுக்கு இறங்கினாலும் மூன்று படிகளுக்குச் சற்று மேல்தான். இரைச்சல் குறைந்த இரவில் இது ஒரு குறிகையை மங்கச் செய்யுமே தவிர, மறையச் செய்யாது.

எனவே இத்துறையில் பணத்தைவிடக் கூடுதலாகக் கவனம் பெறுவது ஆண்டெனா ஆகும். 7.03 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணுக்கான அரையலை ஆண்டெனா ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பி, 14.06 மெகாஹெர்ட்சுக்கு 10 மீட்டரே போதும். இரண்டு தென்னை மரங்களுக்கிடையே இதை உயரக் கட்டிவிடலாம். கம்பியின் முனைகளில்தான் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும் என்பதால் அங்கே பீங்கான் காப்பிகள் கட்டப்படுவதுண்டு. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தை ஒட்டிய கம்மாபுரம் போன்ற ஊர்களில் அத்தகைய மின்காப்புப் பொருள் புதிதல்ல. நகரங்களை விடச் சிற்றூர்களுக்கு வேறொரு நன்மையும் உண்டு. எல்.இ.டி. விளக்குகளும் மலிவான மின்னேற்றிகளும் உண்டாக்கும் இரைச்சல் அங்கே பொதுவாகக் குறைவு. வலுக்குறைந்த குறிகையைக் கேட்க முயல்பவருக்கு எதிரி தொலைவன்று, அடுத்த வீட்டு மின்னேற்றியே.

தமிழ்நாட்டின் இருப்பிடமும் கருதத்தக்கது. புவியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியே செல்கிறது. இதன் பொருட்டே திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது. இப்பகுதியில் சூரியன் மறைந்த பின் அயனி மண்டலத்தின் மேலடுக்கு பல நாட்களில் குலைந்து, அதன் வழியே வரும் குறிகைகள் நடுங்கி ஒலிக்கும். குறைதிறன் ஆர்வலர்களுக்கு இது இடையூறும் ஆகும், ஆய்வுப்பொருளும் ஆகும்.

சாதனைகளை அளக்க இவர்கள் தொலைவை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு வாட்டுக்கு 1000 மைல், அதாவது ஏறத்தாழ 1600 கிலோமீட்டர், என்ற விகிதத்தை எட்டுவோருக்கு அமெரிக்கக் கழகம் சான்றிதழ் வழங்குகிறது. சென்னையிலிருந்து 1 வாட் திறனில் தில்லியுடன் பேசிவிட்டால் இவ்விகிதம் கைகூடும்.

கருவிகளும் பிட்எக்சும்

மிக எளிய கருவிகளில் ஒன்றான பிக்சி, இரண்டே திரிதடையங்களையும் ஓர் ஒலிபெருக்கித் தொகுசுற்றையும் கொண்டு மோர்சு குறிகளை அனுப்பவும் கேட்கவும் செய்கிறது. அதன் வெளியீடு ஒரு வாட்டுக்கும் குறைவு. இதன் வாங்கி பல நிலையங்களை ஒருசேரக் கேட்கும் குறையுடையது.

குரல்வழித் தொடர்புக்கான கருவியை வீட்டில் அமைப்பது நீண்டகாலம் கடினமாகவே இருந்தது. இந்தியாவில் இந்நிலையை மாற்றியது ஐதராபாத்தைச் சேர்ந்த அசார் ஃபர்ஹான் 2003 வாக்கில் வெளியிட்ட பிட்எக்ஸ் வடிவமைப்பு ஆகும். 14 மெகாஹெர்ட்சு பட்டையில் ஏறத்தாழ 6 வாட் தரும் இக்கருவியில், ஒரே படிக வடிகட்டி பேசும்போது ஒரு திசையிலும் கேட்கும்போது எதிர்த்திசையிலும் பயன்படுகிறது. அதன் இருபுறமுள்ள மிகைப்பிகளும் இருதிசை வகையைச் சேர்ந்தவை. இதனால் உறுப்புகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இறுதிக்கட்ட மிகைப்பியில் வானொலிக்கென்றே செய்யப்பட்ட விலையுயர்ந்த திரிதடையத்துக்குப் பதிலாக, மின்நிலைமாற்றிகளுக்கென உருவான மலிவான ஐ.ஆர்.எஃப். 510 இடம்பெற்றது. அதிர்வெண்ணை முடிவுசெய்யும் சுருளைத் தண்ணீர்க் குழாயின் வாஷர் மீது சுற்றலாம் என்ற அதன் குறிப்பு பலரையும் கவர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வளையக் காந்தகங்களை வரவழைக்க இயலாத மாணவருக்கு அந்த ஒரு வரியே வாயிலைத் திறந்துவிட்டது எனலாம். 2016 இல் பிட்எக்ஸ்40 என்ற பெயரிலும், அடுத்த ஆண்டில் பல பட்டைகளில் இயங்கும் மைக்ரோ-பிட்எக்ஸ் என்ற பெயரிலும் பொருத்தி முடித்த பலகைகளாக இவ்வடிவமைப்பு விற்பனைக்கு வந்து, பல நாடுகளுக்குச் சென்றது.

தாமே கருவி செய்வோர் தவிர்க்கக்கூடாத பகுதி வெளியீட்டு வடிகட்டி ஆகும். வடிகட்டியின்றி இயங்கும் 7 மெகாஹெர்ட்சுக் கருவி 14, 21, 28 மெகாஹெர்ட்சுகளிலும் கசியும். திறன் குறைவு என்பதால் கசிவும் தீங்கற்றது என்ற எண்ணம் தவறானது. அடிப்படை அதிர்வெண்ணில் சில வாட்டுகள் கடல்கடந்து கேட்குமானால், கசியும் சில மில்லிவாட்டுகளும் பிறர் பயன்படுத்தும் பட்டையில் தொலைவுவரை கேட்கக்கூடும்.

செயற்கைக்கோள் வழியாகவும் குறைந்த திறனில் பேசலாம். 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி6 ஏவூர்தி மூலம் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து செலுத்தப்பட்ட ஆம்சாட், ஏறத்தாழ 1 வாட் வெளியீடுள்ள இரு திருப்பனுப்பிகளைத் தாங்கியிருந்தது. அவற்றுள் ஒன்றை நெதர்லாந்து மாணவர் ஒருவர் வடிவமைத்தார். கையில் பிடிக்கும் சிறு யாகி ஆண்டெனாவோடு பலர் இதன்வழி உரையாடினர். 2014 சூலையில் இச்செயற்கைக்கோளின் பணி முடிவுற்றது.

விஸ்பர்

1993 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008 இல் வெளியிட்ட விஸ்பர் என்னும் மென்பொருள், உரையாடலை விட்டுவிட்டு அலைப்பரவலை மட்டுமே ஆராய்கிறது. நிலையத்தின் அழைப்புக்குறி, அதன் இருப்பிடக் கட்டம், அனுப்பும் திறன் ஆகிய மூன்றையும் 50 பிட்டுகளில் அடக்கி, இரட்டைப்படை நிமிடங்களில் தொடங்கி ஏறத்தாழ 111 நொடிகளில் மெல்ல அனுப்புகிறது. குறிகையின் அகலம் 6 ஹெர்ட்சு மட்டுமே. அதனால்தான் காதுக்குச் சற்றும் எட்டாத குறிகையையும் கணினியால் பிரித்தறிய முடிகிறது. கேட்ட நிலையங்கள் தம் பதிவுகளை இணையத்தில் பகிர்வதால், 200 மில்லிவாட் அனுப்பியவர் தம் அலை எங்கெங்கு சென்றது என்பதைச் சில நிமிடங்களில் வரைபடத்தில் காணலாம். இருப்பிடக் கட்டம் என்பது அகலாங்கு, நெட்டாங்குகளைக் கொண்டு புவியைப் பகுக்கும் முறை. கம்மாபுரம், விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி ஆகியவை எம்.கே.91 என்ற ஒரே கட்டத்துள் அடங்குகின்றன. சென்னையின் கட்டம் என்.கே.03.

உரிமமும் சட்டமும்

திறன் எவ்வளவு குறைவாயினும் இந்தியாவில் அமெச்சூர் பட்டைகளில் அலைபரப்ப உரிமம் கட்டாயமாகும். தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் வெற்றிபெற வேண்டும். 12 வயது நிறைந்தோர் எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட வகை உரிமத்துக்கு மோர்சுத் தேர்வு இல்லை. அவ்வகையினரின் அழைப்புக்குறி வி.யூ.3 என்றும், பொது வகையினருடையது வி.யூ.2 என்றும் தொடங்கும்.

இவ்வரையறையின் கடுமையை உணர்த்திய நிகழ்வு ஒன்று உண்டு. பீகாரின் வைசாலி மாவட்டத்திலுள்ள மன்சூர்பூர் சிற்றூரில் வானொலி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர், மிகச் சிறு செலவில் தாமே செய்த பண்பலைக் கருவியால் சுற்றுவட்டாரத்துக்குப் பாடல்களையும் உள்ளூர்ச் செய்திகளையும் ஒலிபரப்பி வந்தார். செய்தி வெளியே பரவிய பின், உரிமமின்மையைக் காட்டி 2006 இல் அந்நிலையம் மூடப்பட்டது. ஊரார் அதை விரும்பிக் கேட்டனர் என்பது சட்டத்தின் முன் செல்லவில்லை.

உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க சில பட்டைகளும் இந்தியாவில் உள்ளன. 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்சு வரையிலான குடிமக்கள் பட்டையில் 5 வாட் வரையும், 865 முதல் 868 மெகாஹெர்ட்சு வரை 1 வாட் வரையும், வரையறுக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயங்கலாம்.