பழைய தீத்தழும்பு

"கழுத்துத் தழும்பு பத்து வருஷத்துக்கு முந்தியது, இனி என்ன செய்ய முடியும்?" என்று பெற்றோர் சிலர் கையை விரித்துவிடுகிறார்கள். இது சரியன்று என்போம். தழும்பை அடியோடு மறைக்கும் தைலம் கிடையாது. விளம்பரங்களை நம்பிப் பணத்தை விரயமாக்க வேண்டாம். எனினும், மேடிட்ட தழும்பு ஸ்டீராய்டு ஊசியால் தணியும். கரடுமுரடானதை லேசர் சிகிச்சை பல தவணைகளில் மிருதுவாக்கும். நிறம் முற்றிலும் ஒத்துவருவதுதான் அரிது.

மோவாயை மார்போடு இழுக்கும் தழும்புக்கோ ரண சிகிச்சையே கதி. இறுகிய தோலை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து எடுத்த தோலை அங்கே ஒட்டுவார்கள். தோலை இடம் மாற்றும் வித்தை நமக்குப் புதிதன்று; புனாவில் நெற்றித் தோலால் மூக்கு அமைத்த அதிசயத்தை 1794-லேயே லண்டன் பத்திரிகை படத்துடன் வெளியிட்டது! ஒட்டிய தோல் மறுபடியும் சுருங்கப் பார்க்கும். ஆகையால் மாதக்கணக்கில் கழுத்துப் பட்டை அணிய வேண்டும். குழந்தை அழுகிறதே என்று பாட்டிமார் இரக்கப்பட்டு அதைக் கழற்றிவிட்டால், பட்ட கஷ்டமெல்லாம் வீண்.