எடைக்கல்லைத் தூக்குவோம்: வீட்டுக்கு உடற்பயிற்சிக் கருவி வாங்க ஒரு வணிகக் கணக்கு

ரஷ்ய நாட்டில் முன்பு தானியம் நிறுக்க, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகளை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். அந்நாட்டின் பழைய அளவையான ஒரு ‘பூட்’ என்பது 16.38 கிலோ. அந்தக் குண்டைத் தூக்கிப் பலம் பார்ப்பது நாளடைவில் பயிற்சியாகவே ஆகிவிட்டது. இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் ‘கெட்டில்பெல்’ என்று கிடப்பது அதுதான். 16, 24, 32 கிலோ என்ற அதன் வழக்கமான எடைகளுக்கும் அந்தப் பழைய அளவைதான் காரணம்.

ஆகவே எடை தூக்கும் பயிற்சி வணிகனுக்கு அந்நியமானதல்ல. ஆனால் இன்று நம்மில் எத்தனை பேர் எடை தூக்குகிறோம்? மூட்டை இறக்க ஆள் இருக்கிறார். நிறுக்க மின்னணுத் தராசு இருக்கிறது. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால், மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதுதான் பலருக்கு நடமாட்டம்.

தசை என்ற கிடங்கு

வந்த சரக்கை இறக்கி வைக்கக் கிடங்கு வேண்டும். சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரைக்கு உடம்பில் உள்ள பெரிய கிடங்கு தசைதான். வயது ஏற ஏறத் தசை தானாகவே குறைகிறது. உட்கார்ந்தே இருந்தால் இன்னும் வேகமாகக் குறைகிறது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது.

காலை நடை மட்டும் போதாதா என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அறுபத்தைந்து வயதிலும் தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதற்கும், பரணில் உள்ள பெட்டியை இறக்குவதற்கும், கடைக் கதவை நாமே தூக்கித் திறப்பதற்கும் இந்தப் பயிற்சிதான் முதலீடு.

முடங்கும் சரக்கு

முடிவு செய்ததும் பலர் செய்வது என்ன? ஒரே நாளில் பெரிய தொகை கொடுத்து, கம்பியும் கப்பியும் வைத்த பெரிய இயந்திரத்தை வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் அதன்மேல் துண்டும் வேட்டியும் உலர்கின்றன. விற்குமா என்று தெரியாத சரக்கை நாம் லாரி லாரியாக இறக்குவதில்லை. முதலில் கொஞ்சம் எடுத்து, ஓட்டம் பார்த்து, பிறகுதான் கூட்டுவோம். அதே முறையை இங்கும் கையாளலாம்.

முதல் மாதம் காசே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது ஆகியவற்றோடு தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் புட்டி ஒரு கிலோ எடை. உறுதியான பையில் 5 கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்தால் அதுவும் ஒரு கருவிதான். ஒரு மாதம் இது விடாமல் நடந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

இரண்டாவது, இழுவைப் பட்டை. ரப்பரால் ஆனது, விலை குறைவு, மேசை இழுப்பறையில் அடங்கும். முதுகுக்கும் தோளுக்கும் நல்லது. வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் வீணாகும். மொட்டை மாடியில் போட்டு வைக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே இழுக்க வேண்டும்.

மூன்றாவது, தட்டு மாற்றும் டம்பெல். இதில்தான் கணக்கு இருக்கிறது. நிலையான எடை கொண்ட டம்பெல்லை 2.5, 5, 7.5, 10 கிலோ என ஜோடி ஜோடியாக வாங்கினால் மொத்தம் 50 கிலோ இரும்புக்குப் பணம் கொடுக்கிறோம். அதற்குப் பதில் இரண்டு குட்டைக் கம்பிகள், 1.25 கிலோ தட்டு நான்கு, 2.5 கிலோ தட்டு நான்கு வாங்கினால் தட்டுகள் 15 கிலோதான். கம்பியின் எடையோடு ஒவ்வொரு கையிலும் 2.5, 5, 7.5 கிலோ என்று ஏற்றிக்கொள்ளலாம். வீட்டம்மாவும் பிள்ளைகளும் அதே கம்பியில் தங்களுக்கேற்ற எடையை மாட்டிக்கொள்ளலாம்.

பெஞ்சும் நீளக் கம்பியும் ஆறு மாதம் விடாமல் செய்தவருக்குத்தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. விலையைக் கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். விளையாட்டுப் பொருள் உற்பத்திக்குப் பேர் பெற்ற ஜலந்தரும் மீரட்டும் வடக்கே இருக்கின்றன. இரும்பு கனமான சரக்கு. வண்டிக் கூலியையும் சேர்த்தால்தான் அடக்க விலை தெரியும்.

2. தட்டில் 5 கிலோ என்று அச்சிட்டிருந்தால் நம்பிவிட வேண்டாம். முத்திரையிட்ட தராசு நம் கடையிலேயே இருக்கிறது, நிறுத்துப் பாருங்கள்.

3. பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்த தட்டுகள் மலிவு. ஆனால் அதே எடை வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இடம் பிடிக்கும். கீழே விழுந்தால் உறை கிழிந்து தூளாகக் கொட்டும்.

4. தட்டின் துளையை அளந்து வாங்குங்கள். போட்டிகளில் பயன்படும் வகைக்கு 50 மில்லிமீட்டர். வீட்டு வகைக்குச் சுமார் 25 முதல் 30 வரை. ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. முதலில் எதை எடுக்கிறோமோ அதிலேயே பிறகும் தொடர வேண்டும்.

5. தட்டு கழன்று விழாமல் காப்பது கம்பி முனையின் பூட்டுதான். மரை வெட்டிய கம்பியும், ரப்பர் வளையம் வைத்த நட்டும் நல்லவை. அங்கே சிக்கனம் பார்த்தால் காலில் விழும்.

6. இரும்புக்குக் காலாவதித் தேதி இல்லை. பழைய தட்டு கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். துருவைத் தேய்த்து வண்ணம் பூசினால் போதும். ஆனால் பழைய இழுவைப் பட்டையும், இயந்திரங்களின் கம்பி வடமும், வெல்டிங் விட்ட பெஞ்சும் வேண்டாம்.

எவ்வளவு தூக்குவது?

1940-களில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் தாமஸ் டிலார்ம், எடையைப் படிப்படியாகக் கூட்டும் முறையை வகுத்தார். அவர் காட்டிய வழி இன்றும் மாறவில்லை. எட்டு முதல் பன்னிரண்டு முறை தூக்கக்கூடிய, கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்கும் எடையை எடுங்கள். பன்னிரண்டும் சுலபமாக வந்தால் சிறிது கூட்டுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். தூக்கும்போது வெளியே விடுங்கள். ஞாயிறும் புதனும் என்று இரண்டு நாள், நாளுக்கு அரை மணி போதும்.

உட்கார்ந்து எழுவது, முன்னே தள்ளுவது, தன் பக்கம் இழுப்பது, தரையிலிருந்து முதுகு வளையாமல் எடுப்பது, கையில் பிடித்து நடப்பது என்ற ஐந்தும் இருந்தால் உடம்பு முழுவதற்கும் வேலை கிடைத்துவிடும்.

ரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம், சர்க்கரையால் கண் பாதிப்பு உள்ள அன்பர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பயிற்சியால் சர்க்கரை இறங்கக்கூடும். அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசியாக ஒரு சிறிய செலவு: ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, பயிற்சி, எடை, எத்தனை முறை என்று நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து, பேரேட்டைப் புரட்டுவதுபோல் அதைப் புரட்டுங்கள். எடை ஏறியிருந்தால் அடுத்த தட்டு வாங்கலாம். பக்கங்கள் வெறுமையாக இருந்தால் கடைக்குப் போக வேண்டாம். வீட்டில் இருக்கும் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து எழத் தொடங்குங்கள்.