நிறைய பேசுறவங்க எல்லாம் மனசைத் திறந்து பேசுறவங்களா?

இன்னைக்கு எபிசோட், நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது.

எங்க டீம்ல ஒரு தம்பி. ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல ரெண்டே வரிதான் பேசுவான். வாரத்துல மூணு நாள் சரியா 5 மணிக்குக் கிளம்பிடுவான். அப்ரைசலுக்காக என்கிட்ட ஃபீட்பேக் கேட்டாங்க. "ஈடுபாடு கம்மி"ன்னு எழுதிட்டேன். அவன் ரேட்டிங் குறைஞ்சுது.

அப்புறம் ஒரு நாள் டீ குடிக்கும்போது, "ஏன்டா சீக்கிரம் கிளம்புற?"ன்னு கேட்டேன். அவங்க அப்பாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸாம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"ன்னேன். "பத்து பேர் முன்னாடி எப்படிண்ணா சொல்றது? தனியா யாரும் கேக்கலையே"ன்னான்.

சிட்னி ஜுரார்ட்னு ஒரு உளவியலாளர். நம்மைப் பத்தி நாம எவ்வளவு வெளியே சொல்றோம்னு 1950-கள்லயே ஆராய்ச்சி பண்ணவர். அவரோட கேள்வித்தாள், அம்மா, அப்பா, நண்பர், துணை என ஒவ்வொருத்தர்கிட்டயும் வேலை, பணம், உடம்பு பத்தி எவ்வளவு சொல்லியிருக்கோம்னு தனித்தனியா கேக்கும். ஏன்னா ஆளைப் பொறுத்தும் விஷயத்தைப் பொறுத்தும் நாம சொல்றது மாறும்.

1974-ல மார்க் ஸ்னைடர் இன்னொரு குணத்தை அளக்க 25 கேள்விகள் போட்டார். சிலர் சுத்தி இருக்கிறவங்களைப் பார்த்து, அதுக்கேத்த மாதிரி தங்களைக் காட்டிப்பாங்க. சிலர் எங்க போனாலும் ஒரே மாதிரி இருப்பாங்க.

நான் முதல் வகை. லஞ்ச் டேபிள்ல பைக் ட்ரிப், பிரியாணின்னு வாய் ஓயாது. ஆனா மூணு மாசம் தூக்கமே இல்லாம தவிச்சதை ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நானும் மறைச்சேன், அவனும் மறைச்சான். ஆனா என்னை "ஓப்பன் டைப்"னாங்க, அவனை "ஈடுபாடு இல்லாதவன்"னு நானே எழுதினேன்.

இப்ப நான் மாத்திக்கிட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, தனியா கேக்குறேன். ரெண்டு, "வீட்ல என்ன பிரச்சனை?"ன்னு கேக்குறதில்ல, "இந்த டைமிங் உனக்குச் சரியா வருதா, மாத்தணுமா?"ன்னு கேக்குறேன். காரணம் சொல்லாமலே அவங்களுக்கு உதவி கிடைக்கணும் இல்லையா?

அந்த ரேட்டிங்கை மாத்த முடியல. மேனேஜர்கிட்ட என் தப்பை ஒத்துக்கிட்டேன், மீட்டிங் நேரத்தை மாத்தினோம். தம்பி இன்னும் ரெண்டு வரிதான் பேசுறான். அது அவன் சுபாவம்.

அடுத்த எபிசோட்ல பாப்போம்.