பிழைகளின் வழியே மூளையை அறிந்தவர்

பாரிசவாதத்தினாலோ தலைக்காயத்தினாலோ பேச்சையும் வாசிப்பையும் இழந்த ஒருவரைக் காணும்போது, அவரது புத்தியே போய்விட்டதென நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகின்றோம். இம்முடிவு எத்துணை தவறானது என்பதை உணர்த்திய முன்னோடிகளுள் ஒருவர், 2007 ஆம் ஆண்டில் காலமான பிரித்தானிய நரம்பு உளவியல் ஆய்வாளர் ஜோன் மார்ஷல்.

ஒக்ஸ்போர்டில் பிரீடா நியூகோம்புடன் இணைந்து, மூளையின் இடப்பாதியில் போர்க்காலக் காயமுற்ற ஒருவரை அவர் ஆராய்ந்தார். 'கனேரி' என்ற பறவையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியபோது, அந்நபர் அதனைக் 'கிளி' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாக வாசித்தார். அவ்விரு சொற்களுக்கும் ஒலியில் ஒற்றுமை கிடையாது. பொருளில் மாத்திரமே உறவுண்டு. மற்றொரு நோயாளியோ, செவிமடுத்தலைக் குறிக்கும் 'லிஸன்' என்ற ஆங்கிலச் சொல்லை, அதில் ஒலிக்காத எழுத்தையும் ஒலித்து 'லிஸ்டன்' என வாசித்தார். அது ஒரு குத்துச்சண்டை வீரரின் பெயரென விளக்கமும் அளித்தார்!

இவை வெறும் உளறல்கள் அல்ல. எழுத்திலிருந்து நேரே பொருளுக்குச் செல்லும் வழியொன்றும், எழுத்தை ஒலியாக மாற்றும் வழியொன்றும் நம் மூளையில் உள்ளன. முன்னவருக்கு ஒலிவழி அடைபட்டிருந்தது. பின்னவர் ஒலிவழியையே நம்பியிருந்தார். 1973 இல் இருவரும் வெளியிட்ட இவ்வாய்வு, அறிவாற்றல் நரம்பு உளவியல் என்னும் துறைக்கு அடித்தளமாயிற்று.

1988 இல் பீட்டர் ஹலிகனுடன் மார்ஷல் வெளியிட்ட ஆய்வொன்றும் குறிப்பிடத்தக்கது. மூளையின் வலப்பாதி பாதிக்கப்பட்டு, இடப்புறத்தைக் கவனியாதிருந்த ஒரு பெண்ணிடம் இரு வீடுகளின் சித்திரங்கள் காட்டப்பட்டன. ஒரு வீட்டின் இடப்புறம் தீப்பற்றியிருந்தது. இரண்டும் ஒன்றே என்றார் அப்பெண். எனினும், எவ்வீட்டில் வசிக்க விரும்புவீர்கள் எனக் கேட்டபோது, பெரும்பாலும் தீப்பற்றாத வீட்டையே தெரிவு செய்தார். இத்தகைய நோயாளிகள் அனைவரிடமும் இவ்வாறு காணப்படவில்லை. ஆயினும், வாய் சொல்வதிலும் கூடுதலாக மனம் அறிந்திருக்கக்கூடும் என்பதை இது காட்டிற்று.

ஒரு தந்தை தம் மகனைத் தவறான பெயரால் அழைத்தால், அவர் மகனை மறந்துவிட்டார் என்பதல்ல பொருள். சொல் தவறியிருக்கலாம், பாசம் தவறவில்லை. எனவே, அவரைப் பற்றிப் பிறரிடம் பேசுவதை விடுத்து, அவரிடமே பொறுமையுடன் பேசுவோம். பேச்சுச் சிகிச்சைக்கும் தாமதமின்றி அழைத்துச் செல்வோம். மொழியை இழந்தவர் மனிதத்தை இழந்தவரல்லர்.