தேன் உறைந்தால் கலப்படமா?

குளிர் காலத்தில் புட்டியின் அடியில் தேன் வெள்ளையாக உறைவதைக் கண்டால், 'சர்க்கரைப் பாகு கலந்தது' என்று வாங்குவோர் ஒதுக்குகின்றனர். தேனீ வளர்ப்போரும் வந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். இது வீண் நட்டம்.

ஒரு குறிப்பிட்ட சூட்டில் தண்ணீர் ஓரளவு சர்க்கரையைத்தான் கரைக்கும். அந்த எல்லையைத் தொட்டது தெவிட்டிய கரைசல். எல்லையை மீறியும் கரைந்து நிற்பது மீதெவிட்டிய கரைசல். தேன் இரண்டாம் வகை. 100 கிராம் தேனில் நீர் சுமார் 20 கிராம். அவ்வளவு நீர் சாதாரண வெப்பத்தில் ஏறத்தாழ 18 கிராம் குளுக்கோசையே கரைக்கும். தேனிலோ சுமார் 30 கிராம் உள்ளது! மிஞ்சியது பிரிய மகரந்தத் தூள், மெழுகுத் துணுக்கு, பழைய தேனின் படிகம் ஏதேனும் ஒன்று போதும். அதைப் பற்றிக்கொண்டு படிகம் வளரும். பனங்கற்கண்டுப் பாகில் நூல் கட்டுவதும் இதற்காகவே.

குளுக்கோஸ் மிகுந்த ரப்பர் தேனும் கடுகுத் தேனும் விரைவில் உறையும். சுமார் 14 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி உறைவதற்கு மிகவும் ஏற்றது. அதற்காக, உறைந்ததெல்லாம் சுத்தமான தேன் என்றும் சொல்வதற்கில்லை. அதை ஆய்வகச் சோதனையே காட்டும்.

உறைந்த தேனை நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள், மணம் கெடும். சுமார் 45 டிகிரி சூடுள்ள வெந்நீரில் புட்டியை நிறுத்தினால் மெல்லத் தெளியும். பின் வடிகட்டி, உலர்ந்த புட்டியில் அடைக்கவும். பழைய தேன் ஒட்டிய பாத்திரத்தில் புதுத் தேனை ஊற்ற வேண்டாம்.

படிகம் பிரிந்தபின், எஞ்சிய திரவத்தில் நீரின் பங்கு கூடும். முதிராத தேனாயின் அங்கேதான் புளிக்கத் தொடங்கும். ஆகவே தேனீக்கள் மெழுகு மூடியிட்ட அடைகளிலிருந்தே தேன் எடுக்கவும்.