கலர் பார்க்க முகத்தைக் கொடுக்காதீர்கள், கணக்கையும் திறந்து வைக்காதீர்கள்

தலைச்சோலை, நாகலூர், மஞ்சக்குட்டை என்று ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்ப் பெண்கள் செல்போனை நீட்டிக் கேட்கும் கேள்வி இப்போதெல்லாம் ஒன்றாகவே இருக்கிறது. “அந்த ஆப்பை அன்னைக்கே அழிச்சிட்டேன். அப்புறமும் மாசாமாசம் பணம் போயிட்டே இருக்கே, ஏன்?”

அந்த ஆப் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தது. முகத்தைப் படம் எடுத்து ஏற்றினால், உங்கள் நிறத்துக்கு எந்தக் கலர் புடவையும் சுடிதாரும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லும். “மூன்று நாள் இலவசம்” என்றோ “ஒரு ரூபாய் மட்டும்” என்றோ கூப்பிடும். அந்த ஒரு ரூபாய்க்கு நீங்கள் பின் எண் போடும் நொடியில், மாதந்தோறும் பணம் எடுத்துக்கொள்ளும் ஆட்டோபே அனுமதியையும் கொடுத்துவிடுகிறீர்கள். அதன்பின் செயலியை அழித்தாலும் அந்த அனுமதி அழியாது. செயலியை நீக்குவது வேறு, ஆட்டோபேயை நிறுத்துவது வேறு. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கலர் பார்ப்பதில் தவறே இல்லை. நல்ல நாளுக்கு எடுக்கும் துணி முகத்துக்குப் பொருந்த வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம். அந்த ஆசைக்கு விலையாக முகத்தையும் வங்கிக் கணக்கையும் முகம் தெரியாதவரிடம் ஒப்படைப்பதுதான் தவறு.

படம் சொல்வது உங்கள் நிறம் அல்ல

1980-ல் அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் எழுதிய ‘கலர் மீ பியூட்டிஃபுல்’ என்ற புத்தகம் மனிதர்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு பருவங்களாகப் பிரித்துக் கலர் சொன்னது. பின்னர் தென் கொரியாவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்தது. நேரில் பார்ப்பவர்கள் பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, துணிகளைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துச் சொல்வார்கள். செயலி அந்த வேலையை ஒரு செல்ஃபியை வைத்துச் செய்கிறது. சிக்கல் அங்கேதான்.

செல்போன் கேமரா இருப்பதை இருப்பது போல எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே திருத்திக்கொள்கிறது. பல போன்களில் முன்பக்கக் கேமரா கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்குகிறது. அதிலும் நம் ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூடுபனி இறங்கிய காலையில் வெளிச்சம் நீலம் தட்டிப் போகும். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் நின்றால் முகத்தில் பச்சை படியும். வீட்டுக்குள் குண்டு பல்பு வெளிச்சத்தில் அதே முகம் மஞ்சளாகத் தெரியும்.

சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு இந்த மூன்று இடத்திலும் படம் எடுங்கள். படத்தில் தாள் எந்த நிறம் தட்டுகிறதோ அதே நிறம் முகத்திலும் தட்டியிருக்கும். தாளே வெள்ளையாக வராத படத்தை வைத்து உங்கள் நிறத்தை எப்படிச் சொல்ல முடியும்? காலையில் “குளிர்” என்ற செயலி மாலையில் “இலையுதிர்” என்று சொல்வது இதனால்தான்.

கணினி முகம் பார்ப்பதில் கறுத்த நிறத்தவருக்குக் கூடுதல் அநீதி நடப்பது முன்பே நிரூபணமானது. ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள், வெளுத்த ஆண்கள் விஷயத்தில் அதிகபட்சம் 0.8 சதவீதமே தவறின. கறுத்த பெண்கள் விஷயத்தில் 34.7 சதவீதம் வரை தவறின. எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்கள் என்று சொல்லாத ஒரு செயலியின் தீர்ப்பை நம்பி, பீரோவில் இருக்கும் நல்ல புடவையை ஒதுக்காதீர்கள்.

மூன்று ஆபத்துகள்

முதலாவது, பணம். அதைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, முகம். 2025 செப்டம்பரில் செல்ஃபியைக் கொடுத்து, பழைய சினிமா பாணியில் புடவை கட்டிய படமாக மாற்றும் மோகம் நாடெங்கும் பரவியது. கொடுத்த படத்தில் தெரியாத மச்சம், திரும்பி வந்த படத்தில் இருந்ததாக ஒரு பெண் சொன்னது அப்போது பெரிய பேச்சானது. அப்படி மாற்றித் தரும் சேவையின் பெயரில் போலித் தளங்கள் முளைப்பதாக ஐ.பி.எஸ். அதிகாரி வி.சி. சஜ்ஜனார் வெளிப்படையாக எச்சரித்தார். கலர் பார்க்கும் தளங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். நல்ல வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல், நேராகப் பார்த்து எடுத்த தெளிவான முகப்படத்தைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். மார்பிங் செய்பவனுக்கும் தேவை அதே படம்தான். “வயதைச் சரிபார்க்க” என்று ஆதார் அட்டையையும் கேட்டால் அந்த இடத்திலேயே வெளியேறுங்கள்.

உங்கள் முகத்தைக் கொடுப்பதாவது உங்கள் முடிவு. மணப்பெண்ணைக் கேட்காமல் அவள் படத்தை ஏற்றும் மேக்கப் கலைஞர்களும், பள்ளிக்கூடப் பிள்ளையின் படத்தை ஏற்றும் அம்மாக்களும் அடுத்தவர் முகத்தைக் கொடுக்கிறார்கள். ஏற்காடு விடுதிப் பள்ளிகள் நிறைந்த ஊர். தோழியின் படத்தை விளையாட்டாக ஏற்றும் பழக்கத்தை விடுதிகளிலேயே கண்டித்து நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, கிரீம். கலர் சொல்லி முடித்ததும் சில இடங்களில் “உங்கள் ஸ்கின் டோனைச் சரிசெய்ய” என்று வெளுப்பாக்கும் கிரீமைத் தலையில் கட்டுகிறார்கள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த இத்தகைய கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023-ல் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத எந்த டப்பாவையும் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் பூசாதீர்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்படையுங்கள்.

பணம் போயிருந்தால்: இந்த வரிசையில் செய்யுங்கள்

1. எதையும் அழிக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செயலியின் பெயர், “இலவசம்” என்று காட்டிய பக்கம், பணம் போன எஸ்.எம்.எஸ்., பரிவர்த்தனை எண், வங்கியின் மாதாந்தர அறிக்கையில் அந்தப் பணம் போன வரி ஆகிய அனைத்தும் வேண்டும். கோபத்தில் முதலில் செயலியை அழித்துவிட்டு, பிறகு சாட்சியம் இல்லாமல் நிற்பவர்களையே அதிகம் பார்க்கிறேன். பிரிண்ட் எடுத்தாலும் மூலப்படம் செல்போனில் இருக்கட்டும்.

2. ஆட்டோபேயை நிறுத்துங்கள். யுபிஐ வழியே போயிருந்தால், நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ செயலியில் உங்கள் புரொஃபைலுக்குள் ஆட்டோபே பகுதி இருக்கும். அதில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்துசெய்யுங்கள். பிளே ஸ்டோர் வழியே என்றால், பிளே ஸ்டோரில் புரொஃபைல் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போய் ரத்துசெய்யுங்கள். ஐபோனில் ‘செட்டிங்ஸ்’ திறந்து உங்கள் பெயரைத் தொட்டால் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ வரும். கார்டு என்றால் வங்கியின் செயலியிலோ கிளையிலோ இ-மேண்டேட் எனப்படும் ஆட்டோபே அனுமதியை ரத்துசெய்யச் சொல்லுங்கள். ரத்தான பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். திரும்பவும் சொல்கிறேன்: செயலியை நீக்கினால் இவற்றில் எதுவும் தானாக நிற்காது.

ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மலையில் சிக்னல் விட்டு விட்டு வருவதால் அந்த எஸ்.எம்.எஸ்ஸைத் தவறவிடுகிறோம். வாரம் ஒருநாள் ஆட்டோபே பட்டியலைத் திறந்து பார்ப்பதே பாதுகாப்பு.

3. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று கோரிக்கைகள் போதும்: சந்தாவை ரத்துசெய்க, பணத்தைத் திருப்பித் தருக, என் படங்களையும் விவரங்களையும் அழித்து எழுத்தில் உறுதிசெய்க. 2020-ன் மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். இந்திய நுகர்வோருக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் இந்த விதி உண்டு. முகவரியைச் செயலிக்குள்ளேயே தேடுங்கள். கூகுளில் “கஸ்டமர் கேர் நம்பர்” என்று தேடி வரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். நூறு ரூபாயை மீட்கப் போய், ஓடிபி சொல்லியோ திரையைப் பகிரும் செயலியை இறக்கியோ மொத்தச் சேமிப்பையும் இழப்பது அங்கேதான்.

4. சரியான கதவைத் தட்டுங்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நீங்களே சம்மதித்த சந்தாவில் ஏமாற்று இருந்தால் எண் 1915, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண். நீங்கள் அறியாமல் பணம் திருடு போயிருந்தால் எண் 1930, அதாவது சைபர் குற்ற உதவி எண். திருட்டில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். உடனே சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க முடியும். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடாதீர்கள்.

1915-க்குப் பேசும்போது ஒரு வார்த்தையை விடாமல் சொல்லுங்கள்: சந்தாப் பொறி. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் 13 வகை இணைய ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. இலவசச் சந்தாவுக்கே ஆட்டோபே அனுமதியைக் கட்டாயமாக்குவதும், ரத்துசெய்யும் வழியை மறைப்பதும் சந்தாப் பொறி என்று அதில் வருகின்றன.

5. அப்போதும் தீரவில்லையா? சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு போடுங்கள். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். விண்ணப்பித்தால் காணொலியில் விசாரணை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டுமே என்று விட்டுவிடாதீர்கள்.

ரத்துசெய்த பிறகும் வங்கி பணம் எடுக்கவிட்டால் கிளையில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

படத்தைத் தவறாகப் பயன்படுத்தினால்

பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மறுபடி கேட்பான். உரையாடலைச் சேமித்து 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதியுங்கள். ஏற்காடு காவல் நிலையம் சேலம் மாவட்டக் காவல்துறையின் கீழ் வருகிறது, மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்தின் கீழ் அல்ல. ஆனாலும் “எங்கள் எல்லை இல்லை” என்று எந்த நிலையமும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, எல்லை பார்க்காமல் புகாரைப் பதியச் சொல்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்த பெண்ணை அங்கே போ, இங்கே போ என்று அலைக்கழிக்கும் வழக்கத்தை அதிகாரிகள் நிறுத்த வேண்டும். நீங்களும் பிரிவு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் அனைத்துக்கும் இது உரிமை. அழைக்க வேண்டிய எண் 15100. இந்த எண்ணை ஊருக்குள் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அது முழுமையாக அமலாகும்வரை, கொடுக்காத படமே பாதுகாப்பான படம்.

செலவில்லாமல் கலர் பார்க்க

வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில், பகல் பத்து மணிக்கு மேல், பனி விலகிய பிறகு கண்ணாடி முன் உட்காருங்கள். முகத்தில் பவுடர் வேண்டாம். வீட்டிலுள்ள துணிகளை இரண்டிரண்டாகத் தோளில் போடுங்கள்: மாம்பழ மஞ்சளும் எலுமிச்சை மஞ்சளும், அரக்கும் ராணி கலரும், கிளிப்பச்சையும் மயில்கழுத்தும். எந்தத் துணியில் கண்ணைச் சுற்றிய கருமை குறைந்து முகம் தெளிவாகத் தெரிகிறதோ அது உங்களுடையது. எந்தத் துணியில் முகத்துக்கு முன் துணி மட்டும் கண்ணில் படுகிறதோ அதை ஒதுக்குங்கள். கூட ஒருவர் இருந்து சொன்னால் இன்னும் நல்லது. சேலத்தில் புடவை எடுக்கும்போதும் கடை விளக்கை நம்பாமல், நம் அம்மாக்கள் செய்வது போல வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் 1915, 1930, 15100 ஆகிய மூன்று எண்களையும் வாசியுங்கள், ரேஷன் கடைச் சுவரில் எழுதிப்போடுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், மேலதிகாரி உத்தரவும் வேண்டாம். படிப்பவர்கள் இன்று இரவுக்குள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் போனிலும், வீட்டுப் பெரியவர்கள் போனிலும் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் ரத்துசெய்யுங்கள். செயலியை அழித்துவிட்டோமே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.